வரும் வழியில் சொன்ன இடம்

ஏப்ரல் 21, 2024

'ராக்கினி மாதா' வள்ளத்தில் நாங்கள் ஐந்து பேர் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தது போப்பாண்டவர் மெட்ராசுக்கு வந்த வருஷம். வால்நட்சத்திரம் பார்க்கிறோம் என்று ஊரே விடியற்காலையில் கடற்கரையில் நின்று, ஒன்றும் சரியாகத் தெரியாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பியதும் அதே வருஷம். குருசடித்துறைக் கோயில் கொடிமரம் சாய்ந்தது. அதை நிமிர்த்துவது கீழத்தெருவா மேலத்தெருவா என்று அடிதடி ஆகி, கடைசியில் சாமியாரே கயிறு பிடித்து இழுத்தார். என் மகன் வில்பிரட்டுக்கு இரண்டு வயது, அம்மை போட்டிருந்தது. எல்லாம் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்காக இந்த டைரியை ஆரம்பிக்கவில்லை.

மருமகள் ஜெனோபா சொன்னதால் ஆரம்பித்தேன். "மாமா, சொவத்தப் பாத்து உக்காந்துகிட்டு ஈ ஓட்டுததுக்கு இந்தப் போன்ல பேசுங்க. நீங்க பேசுதத அது எழுதி வச்சுக்கிடும்" என்றாள்.

"எனக்கு எழுத்தே தெரியாது. அத வச்சு நான் என்ன செய்ய?"

"எழுத்து தெரிஞ்சவங்க மட்டும் எழுதுனதத் திருப்பியா வாசிக்காங்க?"

நியாயமான பேச்சுதான். நான் கைநாட்டு. எண் தெரியும், எழுத்து தெரியாது. வீட்டுப் பேச்சில் பேசினால் போன் கண்டதையும் எழுதுகிறதாம். பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் நிறுத்திப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது. வாசகம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான்; அது எனக்கு வரும்.

இது தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஜூன் பதினைந்து விடியுமுன் மறுபடி கடலுக்குப் போகலாம். வில்பிரட் 'ஸ்டெல்லா' போட்டுக்கு டிரைவர். போன சீசனில் அவன் இழுத்துப் போன மடி கடலடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. மடி என்பது அடிமட்டத்தில் இழுத்துக்கொண்டு போகிற பை வலை. அது மாட்டினால் போட்டின் பின்பக்கம் அமுங்கும், தண்ணீர் ஏறும். கயிற்றை வெட்டிவிட்டுத் தப்பித்து வந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவன் குளித்துவிட்டுச் சாப்பிட்டான். ஜெனோபாதான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு போட்டுக்காரர்கள் சங்கத்தில் போய் அவளே பேசினாள். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டிலிருந்தே கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறாள். மடி மாட்டுகிற இடங்களையெல்லாம் ஒரு போனுக்குள் போட்டு, போட் அந்த இடத்தை நெருங்கும்போது போன் சத்தம் போடும்படி செய்து தருகிறேன் என்றாள். சங்கத் தலைவர் பெப்பின் சிரித்தார். "உன் போன் சத்தம் போடுததுக்குள்ள என் மடி கிழிஞ்சி கரைக்கு வந்துரும், மக்களே." ஆனாலும் சரி என்றார்கள். தொழில் திறக்கிற அன்று எல்லா இடமும் போனுக்குள் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 27

வடக்கே உள்ள இடங்களை வேறு டிரைவர்களிடம் கேட்டுவிட்டாள். தென்பக்கம் என்னுடையது. காலையில் அவள் அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்குகிறாள்; நான் சொல்கிறேன்; பக்கத்தில் போன் பதிகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் பெயர், மடி மாட்டத் தொடங்கும் இடம், விடுபடும் இடம். எல்லாம் ஜி.பி.எஸ். எண்கள். நாங்கள் கிழக்கே போகப் போக எண் கூடும். வடக்கு தெற்கு அகலத்தைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறாள்.

'மாமியார் கல்' என்றேன்.

"அது ஏன் மாமா அந்தப் பேரு?"

"பிடிச்சா விடாது."

"எங்கம்மா உங்க மகனப் பிடிச்ச மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, கத்திரிக்காயை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அவள் அம்மா மெற்றில்டா அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். ஜெனோபா பிறக்கும் முன்பே தகப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவன் பெயர் சந்தியாகு. அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. சிரிக்கும்போது ஜெனோபாவுக்கு இடது பக்கம் மட்டும் உதடு ஏறும். அது யாருடைய சிரிப்பு என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

மே 2

இன்று சொன்ன இடங்களில் ஒன்று 'இரும்பு'. என்ன இரும்பு என்று கேட்டாள். பழைய சரக்குப் பார்ஜ் ஒன்று முங்கிக் கிடக்கிறது, இரும்பு என்று மட்டும் போடு என்றேன். மத்தியானம் சாப்பிடவில்லை.

மே 6

பட்டியல் முடிந்தது. சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தாள். மணிச் சத்தம் என்றால் எஞ்சின் இரைச்சலில் கேட்காது. "நீங்க வள்ளத்துக்குத் தண்டலா இருக்கும்போது எப்படி ஏசுவிய? அப்படி ஒரு தடவ சொல்லுங்க" என்றாள். "மடியத் தூக்குங்கல, கண்ணு எங்க கெடக்கு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. அதையே போட்டுவிட்டாள்.

மே 11

சோதித்துப் பார்த்தோம். கடலுக்குப் போக வேண்டியதில்லை. போட் இன்ன இடத்தில் இருக்கிறது என்று போனிடம் பொய் சொல்ல முடிகிறது. மாமியார் கல்லில் இருப்பதாகச் சொன்னாள். போன் என் குரலில் ஏசியது. அடுத்தது, ஏசியது. வரிசையாகப் பாதி வரைக்கும் ஏசியது. அப்புறம் வாயைத் திறக்கவில்லை. பட்டியலின் பின்பாதி முழுக்க ஊமை.

"எல்லாத்தையும் போட்டாச்சுன்னுதான மாமா காட்டிச்சு?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

மே 14

கடலில் டவர் கிடையாது. அதனால் யாரிடமும் கேட்காமல் போனே எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்காகப் போனுக்குள்ளேயே ஒரு சின்ன டேட்டாபேஸ் வைத்திருக்கிறாள். அதில் ஒவ்வோர் இடமும் ஒரு பெட்டி. சின்னப் பெட்டிகளை ஒரு பெரிய பெட்டிக்குள், பெரிய பெட்டிகளை இன்னும் பெரிய பெட்டிக்குள் என்று அடுக்கியிருக்கிறது. போட் எங்கே இருக்கிறதோ அந்தப் பெரிய பெட்டியை மட்டும் திறந்து பார்த்தால் போதும், சட்டென்று சொல்லிவிடும். ஏலக் கூடத்தில் நண்டுப் பெட்டி ஒரு பக்கம், இறால் பெட்டி ஒரு பக்கம் அடுக்குகிற மாதிரிதான்.

அந்த அடுக்குக்குள் பின்பாதி இடங்கள் ஏறவில்லை. ஏன் என்று மூன்று நாளாகத் தேடுகிறாள். தமிழ்ப் பெயர்தான் காரணமோ என்று பெயர்களை எடுத்துவிட்டுப் பார்த்தாள். இல்லை. போன் பழசோ என்று வில்பிரட்டின் போனில் போட்டாள். இல்லை. இடம் போதவில்லையோ என்று என் பேரன் ஞானஸ்நான வீடியோவை அழித்தாள். அதுவும் இல்லை, வீடியோ போனதுதான் மிச்சம்.

கேஸ் சிலிண்டர் வந்தது. எனக்கு மாத்திரை வாங்க மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.

மே 17

பெப்பின் வந்து வாசலில் நின்றுகொண்டே கேட்டார். "என்ன மக்களே, பாதிக் கடலுக்கு மட்டும் சத்தம் போடுமாம்லா? மீதிக் கடல்ல அண்ணாச்சிய நேர்லயே கூட்டிட்டுப் போவோமா, ஏசுததுக்கு?"

"சம்பளம் எவ்வளவு தருவ?" என்று கேட்டேன். போய்விட்டார். ஜெனோபா சிரிக்கவில்லை.

மே 19

பூசை முடிந்து வந்து பட்டியலைத் தலைகீழாக்கிப் போட்டுப் பார்த்தாள். கடைசி இடம் முதலில், முதல் இடம் கடைசியில். இப்போது இதுவரை ஊமையாக இருந்ததெல்லாம் ஏசுகிறது; ஏசிக்கொண்டிருந்ததெல்லாம் ஊமை. மாமியார் கல்லும் ஊமை.

"அப்போ பின்பாதி மேல தப்பு இல்ல மாமா. நடுவுல ஒண்ணு கெடக்கு. அது வார வரைக்கும் எல்லாம் ஏறுது. அது வந்த பொறவு ஒண்ணும் ஏற மாட்டேங்குது."

எது என்று நாளைக்குப் பார்ப்பதாகச் சொன்னாள்.

சீலா மீன் வாங்கியிருந்தோம். என் துண்டை வில்பிரட் தட்டில் வைத்துவிட்டேன். வெறும் சோற்றைச் சாப்பிட்டேன்.

மே 20

பாதி கண்டுபிடித்துவிட்டாள். முகமே வேறு மாதிரி இருந்தது. கையில் காபித் தம்ளரை வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசிக்கொண்டிருந்தாள்.

டேட்டாபேஸிடம் ஒவ்வொரு தடவையும் புது வாக்கியம் சொல்வதில்லையாம். ஒரே வாக்கியத்தை முதலிலேயே தயார் செய்து வைத்துக்கொள்கிறாள். 'இந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்: இங்கிருந்து இது வரைக்கும்.' எண் வர வேண்டிய இடமெல்லாம் காலி. ஒவ்வோர் இடத்துக்கும் காலியில் வேறு எண்ணை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். ஒன்று முடிந்ததும் வாக்கியத்தை மறுபடி முதல் நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஏதாவது ஒரு பெட்டியை டேட்டாபேஸ் "மாட்டேன்" என்று தள்ளிவிட்டால் இது கட்டாயம். இல்லாவிட்டால் வாக்கியம் புது எண்ணை வாங்கிக்கொள்ளாது. பழைய எண்ணே காலியில் உட்கார்ந்திருக்கும். எத்தனை தடவை அனுப்பினாலும் தள்ளப்பட்ட அதே பெட்டிதான் போகும். தள்ளப்பட்டுத் திரும்பி வரும்.

"அது 'மாட்டேன்'னு சொல்லத்தான் செஞ்சிருக்கு. நான்தான் என்ன பதில் வருதுன்னு காது குடுத்துக் கேக்கல. போட்டாச்சு, போட்டாச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டேன்."

எனக்கு எங்கள் கோயிலின் பழைய உபதேசியார் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். கல்லறைத் திருநாளன்று குழி குழியாகப் போய் மந்திரிப்பார். ஜெபம் எல்லோருக்கும் ஒன்றுதான். நடுவில் பெயர் மட்டும் அந்தந்த வீட்டார் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ரெமிஜியுஸ் குழியில் நின்று பெயரைச் சொன்னதும், அவர் மகன், "அப்படிச் சொல்லக்கூடாது, ரெமிஜியுஸ் ஐயான்னு மரியாதையாச் சொல்லும்" என்று சண்டைக்கு வந்துவிட்டான். உபதேசியார் பதறிப்போனார். அடுத்த குழியிலும் ரெமிஜியுஸ். அதற்கடுத்த குழியிலும் ரெமிஜியுஸ். வீட்டார் காதுக்குள் வேறு பெயரைக் கத்தினாலும் வாயில் அதுதான் வருகிறது. ஒரு கிழவி மெழுகுவர்த்தியை ஓங்கிக்கொண்டு, "எம் புருசன் குழிமேட்டுல நின்னுகிட்டு எவன் பேர ஓய் சொல்லுதீரு?" என்று பாய்ந்தாள். கோயில் வேலை பார்க்கும் கோயில் குட்டி வந்து முதுகில் ஒரு தட்டு தட்டித் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அடுத்த பெயர் வந்தது.

ஜெனோபாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அந்தத் தட்டுதான் மாமா! நான் தட்டாம விட்டுட்டேன்."

மே 22

தட்டிவிட்டாள். இப்போது எல்லா இடமும் ஏறுகிறது, ஒன்றைத் தவிர. எது என்று நான் கேட்கவில்லை.

மே 23

"மாமா, இரும்புதான் ஏற மாட்டேங்குது" என்றாள்.

பால் வாங்கப் போனேன். வீட்டில் பால் இருந்ததாம்.

மே 25

காகிதத்தில் எண்களை எழுதி முன்னால் வைத்தாள். எண் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஒரு பெட்டின்னா சின்ன எண்ணு முதல்ல, பெரிய எண்ணு பொறவு. அப்படி இருந்தாத்தான் அது ஏத்துக்கிடும். நீங்க சொன்ன எல்லா இடமும் அப்படித்தான் இருக்கு. கரையில இருந்து போற போக்குல சொல்லியிருக்கிய. எண்ணு கூடிக்கிட்டே போகுது. இது மட்டும் பெரிய எண்ணுல ஆரம்பிச்சு சின்ன எண்ணுல முடியுது. தொடங்குததுக்கு முன்னாலயே முடியுத பெட்டி. அதான் தள்ளிருது."

"மாத்திப் போட்டுரு."

"மாத்திப் போடலாம். ஆனா எது தப்புன்னு எனக்குத் தெரியணும்லா? வரிச மாறியிருந்தா திருப்பிப் போட்டாச் சரியாப் போச்சு. நடுவுல ஒரு எண்ணு மறந்து வேற எண்ணச் சொல்லியிருந்தியன்னா, பெட்டி வேற எங்கயோ போய் உக்காந்துக்கிடும். இரும்பு கெடக்க இடத்துல போன் ஊமையா இருக்கும். இந்த வருசம் இவுக மொத மடியே அந்தப் பக்கம்தான் போடப் போறாக."

"எனக்கு எண்ணு மறக்காது."

"அப்போ இது மட்டும் ஏன் மாமா கடல்லருந்து கரைக்கு வாரது மாதிரி இருக்கு?"

காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மே 30

வில்பிரட்டும் கேட்டான். "எப்பா, ஒரு நம்பர் தப்பிச்சுன்னா தப்பிச்சுன்னு சொல்லுங்க. ஒங்களுக்கும் வயசாகுதுல்லா?"

"எனக்குத் தப்பாது."

"பொறவு என்ன, கழுதை! வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

கழுதை என்றது என்னை அல்ல, அந்த எண்ணை என்று பிறகு வந்து சொன்னான். அவன் அப்படித்தான். மடியைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறான். புது மடி, நீல நிறம்.

ஜூன் 4

ஓட்டு எண்ணுகிறார்கள். தெரு முழுக்க டி.வி. சத்தம். யார் ஜெயித்தால் என்ன.

ஜூன் 8

இரும்பைச் சேர்க்காமலேயே போனைச் சங்கத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று ஜெனோபா வில்பிரட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படியில் பேசினார்கள். அடுப்படியில் பேசினால் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறார்கள்.

"அங்கதான் இறால் கெடக்கும். பார்ஜ ஒட்டித்தான் ஒதுங்கும். போகாம இருக்க முடியுமா?"

"எங்கன்னு தெரியாம ஒட்டிப் போவியளோ?"

"தோராயமாத் தெரியும்."

"போன வருசமும் தோராயமாத்தான் தெரிஞ்சிது."

அப்புறம் குக்கர் விசில் விட்டது.

ஜூன் 13

அந்தோணியார் திருநாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர். கோயிலில் கொடுத்த அசனச் சாப்பாட்டை வாங்கி ஒரு தூக்குவாளியில் போட்டுக்கொண்டு மெற்றில்டா வீட்டுக்குப் போனேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு டி.வி. பார்த்தாள். சத்தத்தைக் குறைத்தாள், அணைக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. என்ன அதிசயம், நீங்களே தூக்கிட்டு வாறிய?"

"ஒரு விசயம் கேக்கணும்."

வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

சந்தியாகு போன அன்றைக்கு இவள் இருபத்திரண்டு வயசுப் பெண், மாசமாக இருந்தாள். நாங்கள் நாலு பேர் கரையேறியபோது முதலில் எங்களை எண்ணினாள். பிறகு என்னிடம் வந்து சொன்னாள்: "எந்த இடம்னு எங்கிட்டச் சொல்லக் கூடாது அண்ணாச்சி. தெரிஞ்சா நான் நாளும் அந்தத் திக்கப் பாத்துகிட்டே நிப்பேன். இந்தப் பிள்ளைக்கும் சொல்லக் கூடாது." நாலு பேரும் சரி என்றோம். கடலில் எங்கேயோ என்றுதான் ஊருக்குச் சொன்னோம்.

"ஜெனோபா கேக்கா" என்றேன். "என்ன ஏதுன்னு தெரியாமலே கேக்கா. சொல்லலைன்னா வில்பிரட் நாளக்கழிச்சு அங்கதான் போய் மடி போடுவான்."

கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்தாள். அதில் யாரோ யாரையோ அறைந்தார்கள்.

"இரும்புகிட்டதான அண்ணாச்சி?"

"உனக்கு யாரு சொன்னா?"

"ஒங்ககூட வந்த கயித்தான் அண்ணன் சாகதுக்கு முந்துன வருசம் குடிச்சிட்டு வந்து இந்த வாசல்ல நின்னு அழுதாவ. எல்லாத்தையும் சொல்லிட்டாவ. நீங்க வரும்போதெல்லாம் அங்க எஞ்சினக் கொறச்சு ஜெபம் சொல்லுவியளாமே?"

"எங்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லலையே."

"நீங்க சொல்லாம இருக்கறதுக்கு இம்புட்டுப் பாடுபடுதிய. தெரியும்னு சொல்லி அதக் கெடுப்பானேன்?" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றாள். "போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி. ரெண்டு ஆம்பிளய அங்க குடுக்க நான் என்ன நேந்தா விட்டிருக்கேன்?"

அசனச் சோற்றை இருவரும் அங்கேயே சாப்பிட்டோம்.

ஜூன் 14

விடிந்ததும் ஜெனோபாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வில்பிரட் போட்டுக்கு ஐஸ் ஏற்றப் போயிருந்தான். தலையணைக்கு அடியிலிருந்த காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"எண்ணு எல்லாம் சரி. வரிசதான் மாறியிருக்கு. மத்த இடமெல்லாம் நான் தொழிலுக்குப் போம்போது கண்ட இடம். இது வரும்போது கண்ட இடம். வரும்போது மட்டும்தான் அங்க போவேன். அதனால வாயில அப்படித்தான் வரும்."

"ஏன் வரும்போது மட்டும்?"

சொன்னேன். நவம்பர் மாதம். கொண்டல் காற்று. பிடித்த மீனோடு திரும்பி வந்துகொண்டிருந்தோம். அறுந்து மிதந்த யாருடைய வலையோ எங்கள் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அந்த வலையின் மறுமுனை கீழே இரும்பில் மாட்டியிருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. வள்ளம் நின்ற இடத்திலேயே குத்துப்பட்டு ஆடியது. அறுத்துவிட ஒருவன் முங்க வேண்டும். அண்ணன் லாசருக்கு இருமல். இன்னாசிக்கு மூச்சு நிற்காது. கயித்தான் எஞ்சினை விட்டு வர முடியாது. நான் சுக்கான் பிடித்திருந்தேன். சந்தியாகு யாரும் சொல்லாமலே சட்டையைக் கழற்றினான். பீடிக் கட்டை என் கையில் கொடுத்து, "நனஞ்சிராம வையும் ஓய். வந்து குடிக்கணும்" என்றான். ஒரு தடவை முங்கிப் பாதி அறுத்துவிட்டு மேலே வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். இடது பக்கம் உதடு ஏறும். மறுபடி முங்கினான். வலை அறுந்தது, வள்ளம் விடுபட்டு ஒரு துள்ளு துள்ளியது. அவன் வரவில்லை. இருட்டும் வரை அங்கேயே சுற்றினோம். நாங்கள் கரைக்கு வந்தது அவன் அறுத்துவிட்டதால்தான்.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்து போட்டில் ஜி.பி.எஸ். வந்தது. ஒரு நாள் திரும்பி வரும் வழியில் வேகத்தைக் குறைத்து, இரும்பு தொடங்குகிற எண்ணையும் முடிகிற எண்ணையும் மனப்பாடம் செய்தேன். அன்றைக்கும் வந்த வழிதான்.

ஜெனோபா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்தபடி அழவில்லை. "அவுக சிரிப்பாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்ன மாதிரி."

எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு எண்களையும் இடம் மாற்றினாள். அனுப்பினாள். இந்தத் தடவை என்ன பதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏற்றுக்கொண்டது.

இரும்பில் போட் இருப்பதாகப் போனிடம் சொன்னாள். என் குரல் வீடு முழுக்க ஏசியது. அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள்.

"பேரு இரும்புன்னே இருக்கட்டுமா மாமா?"

புது இடத்துக்கு அதைக் கண்டவன் பெயரை வைப்பதுதான் எங்கள் வழக்கம். "அத மொதல்ல கண்டது உங்கப்பன்தான்" என்றேன்.

ஜூன் 15

போட்டுகள் விடியுமுன் போய்விட்டன. நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. ஜெனோபா ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினாள்.

வில்பிரட் இருட்டிய பிறகு வந்தான். கால் கழுவுமுன்பே பேச ஆரம்பித்தான். "எப்பா, கடல்லயுமா ஒங்க கிட்ட ஏச்சு வாங்கணும்! கண்ணு எங்க கெடக்குன்னு சத்தம் வந்ததும் பயலுக பதறிப் போயி மடிய ஏத்திட்டானுவ. ஆழம் காட்டுத எக்கோவுல பாக்கேன், அடியில இரும்பு செவரு மாதிரி நிக்கி. இன்னும் கொஞ்சம் போயிருந்தா மாட்டியிருக்கும்." அப்புறம் ஜெனோபாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "போன் திரையில ஒங்கப்பா பேரு வந்திச்சு. எல்லாவனும் தலைப்பாவ எடுத்துட்டானுவ."

மடியில் ஒரு கண்கூடக் கிழியவில்லை. பெப்பின் தன் போட்டுக்கும் போன் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏசுகிற குரலை மட்டும் கொஞ்சம் மரியாதையாக மாற்ற முடியுமா என்று கேட்டாராம்.

முடியாது என்று சொல்லச் சொன்னேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். குழி இருப்பவர்களுக்குக் குழிமேட்டில் மெழுகுவர்த்தி. சந்தியாகுவுக்கு இத்தனை வருஷமும் மெற்றில்டா கடற்கரைச் சிலுவையடியில்தான் ஏற்றுவாள். உபதேசியார் அங்கே வருவதில்லை. ஜெபத்தில் அந்தக் காலி இடத்தில் அவன் பெயரை யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷம் காற்று அமர்ந்திருந்தது. வில்பிரட் போட்டை எடுத்தான். பெண்கள் தொழில் போட்டில் ஏறும் வழக்கம் இல்லை என்று துறையில் ஒருவர் இழுத்தார். "தொழிலுக்கா போறோம்? கல்லறைக்குப் போறோம்" என்றான் வில்பிரட். ஜெனோபா ஏறினாள். மெற்றில்டா படியில் நின்று யோசித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளும் ஏறினாள்.

கரையிலிருந்து கிழக்கே போனோம். எண் கூடிக்கொண்டே போனது. அந்த இடத்துக்கு நான் போகும் வழியில் போனது இதுதான் முதல் தடவை. போன் ஏசியது. வில்பிரட் எஞ்சினைக் குறைத்தான். மெற்றில்டா தண்ணீரைப் பார்த்து நின்றாள். ஜெனோபா பூ போட்டாள். நான் ஒரு பீடிக் கட்டை நனையாமல் கொண்டுபோய் அங்கே போட்டேன்.

ஜெபத்தை நானே சொன்னேன். வாக்கியம் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்ற வேண்டும். சந்தியாகுவுக்குச் சொன்னேன். வாயை மூடி, மூச்சு விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அண்ணன் லாசர், இருமியே போனவர். இன்னாசி, மகளைப் பார்க்கத் தூத்துக்குடி போன இடத்தில். கயித்தான், கொரோனாவுக்கு முந்தின வருஷம். ஒவ்வொரு பெயரும் தானாக வந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை.

நாலு பேருக்குப் பிறகும் வாய் நிற்கவில்லை. மறுபடி ஜெபத்தை ஆரம்பித்து, பெயர் வர வேண்டிய இடம் வரைக்கும் வந்துவிட்டேன்.

"போதும் அண்ணாச்சி" என்று மெற்றில்டா என் கையைப் பிடித்தாள். "அந்த எடம் காலியாவே இருக்கட்டும்."

நிறுத்திவிட்டேன். ராக்கினி மாதாவில் போன ஐந்து பேரில் இன்னும் உயிரோடு இருப்பவன் நான் மட்டும்தான், கஸ்பார் மச்சாது.